மோட்டார் உதிரி பாகம்: அசலா, லோக்கலா?

பயிர் வாடும் நேரம் பார்த்துத்தான் மோட்டார் நிற்கும். கிணறோ போர்வெல்லோ வைத்துத் தோட்டம் செய்யும் கொங்கு நாட்டு விவசாயிகள் அனைவரும் இதை அனுபவத்தில் அறிவார்கள். மெக்கானிக் வந்து பிரித்துப் பார்ப்பார். "பேரிங் போயிருச்சுங்க, புஷ்ஷும் தேஞ்சிருக்குதுங்க. கம்பெனி சாமான் போடட்டுங்களா, லோக்கல் போதுங்களா?" என்று கேட்பார். "எது வெல கம்மியோ அதையே போடுங்க" என்பது பெரும்பாலும் நமது பதில். விளைச்சல் விற்று நாலு காசு கையில் இருக்கிற மாதமானால், "எல்லாமே கம்பெனி சாமானாப் போட்டுருங்க" என்போம்.

இந்த இரண்டு பதில்களுமே யோசிக்காமல் சொல்லப்படுபவை என்பது என் அபிப்பிராயம். முதல் பதிலால் மோட்டார் கெடுகிறது. இரண்டாவது பதிலால் பணம் வீணாகிறது. எந்தப் பாகத்துக்கு எது போதும் என்று தரம் பிரித்துப் பார்க்கும் பழக்கம் நமக்கு வர வேண்டும்.

கவலை தந்த பாடம்

மின்சாரம் வருவதற்கு முன் நம் முன்னோர் கவலை பூட்டித்தான் கிணற்று நீரை இறைத்தார்கள். அதிலும் உதிரி பாகங்கள் உண்டு. சால், தும்பி, வடம், வால்கயிறு, உருளை என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை இருந்தது. தோல் தும்பியில் சிறு ஓட்டை விழுந்தால் கொஞ்சம் தண்ணீர் ஒழுகும், அவ்வளவுதான். கிழிந்த இடத்தைத் தைத்துக்கொண்டு அந்தப் போகத்தை ஓட்டி விடுவார்கள்.

வடத்தின் விஷயம் வேறு. சாலின் பாரம் முழுவதையும் தாங்குவது வடம். மாடுகள் சரிவில் இறங்கும்போது ஓட்டுபவரும் அந்த வடத்தின் மீதே உட்கார்ந்து இறங்குவார். பாரத்தோடு வடம் அறுந்தால் சால் கிணற்றில் விழும், மாடுகள் தடுமாறி விழும், ஆளுக்கும் அடிபடும். ஆகவே தும்பிக்கு ஒட்டுப் போட்ட அதே மனிதர், வடத்தை மட்டும் நைந்து போகும் முன்பே மாற்றினார். அதில் அவர் சிக்கனம் பார்க்கவில்லை.

இன்றைய மோட்டாருக்கும் இந்தக் கணக்கு பொருந்தும். கடையில் நிற்கும்போது கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: "இந்தப் பாகம் கெட்டால் இது மட்டும் கெடுமா, இன்னொன்றையும் சேர்த்துக் கெடுக்குமா?" தான் மட்டும் கெடுவது தும்பி. மற்றதையும் இழுத்துக்கொண்டு போவது வடம்.

லோக்கல் வேறு, போலி வேறு

கடைகளில் கிடைக்கும் சாமான்கள் மூன்று வகை. பம்ப்செட் கம்பெனி தன் பெயரில் விற்பது முதல் வகை. வேறொரு பட்டறையோ தொழிற்சாலையோ தன் சொந்தப் பெயரையும் விலாசத்தையும் போட்டு, அந்த மோட்டாருக்குப் பொருந்தும்படி செய்து விற்பது இரண்டாவது வகை. பெயரே இல்லாமலோ, இன்னொருவர் பெயரைத் திருடி அச்சடித்த பெட்டியிலோ வருவது மூன்றாவது வகை. கடைசி இரண்டையும் சேர்த்து "லோக்கல்" என்று ஒரே பெயரில் அழைப்பதால்தான் குழப்பம் வருகிறது.

இரண்டாவது வகையை இளப்பமாக நினைக்கக் கூடாது. கோவையின் பம்ப்செட் தொழிலே அப்படி வளர்ந்ததுதான். பைகாரா மின் நிலையம் 1932-ல் இயங்கத் தொடங்கிய பின் இந்தப் பகுதியில் மில்களும் மின்சாரத்தில் இறைக்கும் கிணறுகளும் பெருகின. ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் 1937-ல் இந்தியாவின் முதல் மின்மோட்டாரைக் கோவையில் செய்தார்கள். பீளமேடு, கணபதி, ஆவாரம்பாளையம் பக்கத்துச் சிறு பட்டறைகள் வார்ப்பு வேலையிலும் கடைசல் வேலையிலும் தேர்ந்தவை. தன் பெயரைப் போட்டு, பில் கொடுத்து, கெட்டால் மாற்றித் தருகிற பட்டறைக்காரரின் சாமானை நம்பி வாங்கலாம். பெயர் போடப் பயப்படுகிறவரின் சாமானை எந்த விலைக்கும் வாங்கக் கூடாது.

கம்பெனிப் பெட்டியில் வரும் எல்லாமே அந்தக் கம்பெனி செய்ததும் அல்ல. பேரிங், கெப்பாசிட்டர், கேபிள், மெக்கானிக்கல் சீல் முதலானவற்றைப் பம்ப்செட் கம்பெனிகளில் பெரும்பாலானவை வேறு தொழிற்சாலைகளிலிருந்து வாங்கித்தான் பொருத்துகின்றன.

பேரிங்: எண்ணைப் பாருங்கள்

பால் பேரிங் இதற்கு நல்ல உதாரணம். அதன் வளையத்தில் 6203, 6204, 6205 என்று எண் பொறித்திருக்கும். இந்த எண்களுக்கு உலகம் முழுவதும் ஒரே அளவுதான். 6204 என்றால் உள்விட்டம் 20 மில்லிமீட்டர், வெளிவிட்டம் 47, அகலம் 14. எந்த நாட்டில், எந்தக் கம்பெனி செய்தாலும் இது மாறாது. ஆகவே பம்ப்செட் கம்பெனியின் பெட்டியில்தான் வேண்டும் என்று கூடுதல் விலை கொடுக்கத் தேவையில்லை. பெயர் பெற்ற பேரிங் கம்பெனியின் அசல் பேரிங்கை, அதன் அங்கீகாரம் பெற்ற கடையில் வாங்கினால் போதும். எண்ணோடு சேர்ந்து வரும் எழுத்துகளும் பழையதில் உள்ளபடியே இருக்க வேண்டும். மூடி உள்ளதா இல்லாததா, குண்டுகளுக்கு எவ்வளவு இடைவெளி என்பதை அவைதான் சொல்கின்றன.

ஆனால் போலிகள் மிகுதியாக நடமாடும் சாமானும் பேரிங்தான். பெட்டியும் அச்சும் பார்வைக்கு அசல் போலவே இருக்கும். பேரிங் போனால் ஷாஃப்ட் ஆடும், ரோட்டார் ஸ்டேட்டரில் உரசும், காயில் எரியும். பேரிங்கும் வடமே. பில்லில் கம்பெனிப் பெயரும் எண்ணும் எழுதி வாங்குங்கள். சில பேரிங் கம்பெனிகள் பெட்டியில் உள்ள குறியீட்டைச் செல்போனிலேயே சரிபார்க்க வசதி தந்துள்ளன. வீட்டில் படிக்கிற பிள்ளைகளிடம் கொடுத்துப் பார்க்கச் சொல்லலாம்.

சப்மெர்சிபிளில் சிக்கனம் கூடாது

கிணத்துக்கடவு பக்கம் ஒரு சிறு விவசாயியின் தக்காளித் தோட்டத்துக்கு ஒரு கோடையில் சென்றிருந்தேன். அவருடைய போர்வெல் மோட்டாரில் திரஸ்ட் பேரிங் தேய்ந்து போயிருந்தது. பெயர் இல்லாத ஒரு பேரிங்கைப் போட்டு இறக்கினார்கள். இரண்டு மாதம்கூட ஆகவில்லை. மோட்டார் இழுத்துப் பிடித்து நின்றது. மறுபடி தூக்கினார்கள். இப்போது திரஸ்ட் பேரிங்கோடு புஷ்ஷும் காயிலும் போயிருந்தன. காயில் கட்டி இறக்கும் வரை தண்ணீர் இல்லாமல் பூவும் பிஞ்சும் உதிர்ந்தன. காய்ந்து கிடந்த நிலத்துக்குத் திடீரென்று நீர் பாய்ந்ததும், மிச்சமிருந்த பழங்கள் வெடித்தன. முதலில் அவர் மிச்சம் பிடித்த பணம், மோட்டாரை ஒரு தடவை தூக்கி இறக்கும் கூலிக்குக்கூடப் போதாது.

திரஸ்ட் பேரிங்கின் வேலையைத் தெரிந்துகொண்டால் காரணம் விளங்கும். பம்பின் அடுக்குகள் தண்ணீரை மேலே தள்ளும்போது அதே விசை ஷாஃப்டைக் கீழே அழுத்துகிறது. ஆழம் கூடக் கூட இந்த அழுத்தமும் கூடும். அதைத் தாங்குவது மோட்டாரின் அடியில் உள்ள அந்தச் சிறு தட்டு ஒன்றுதான். அது தேய்ந்தால் ரோட்டார் கீழே இறங்கும், இம்பெல்லர்கள் கிண்ணத்தில் உரசும், ஆம்பியர் ஏறும், கடைசியில் காயில் எரியும். இதை விடத் தெளிவான வடம் வேறில்லை.

ஆகவே போர்வெல்லுக்குள் இறங்கும் எதிலும் சிக்கனம் கூடாது. திரஸ்ட் பேரிங், புஷ், காயில் ஒயர், கேபிள், கேபிள் ஜாயிண்ட் ஆகிய ஐந்தும் கம்பெனி சாமானாகவோ அதற்குச் சமமான பெயர் பெற்ற சாமானாகவோ இருக்கட்டும். பல நூறு அடி ஆழத்தில் கெட்டால், பாகத்தின் விலையோடு தூக்கி இறக்கும் கூலியையும் சேர்த்துத்தான் கணக்குப் பார்க்க வேண்டும்.

காயில் கட்டும்போது

காயில் கட்டுவதில்தான் விவசாயி அதிகம் ஏமாறுகிறார். ஒரு கேஜ் மெல்லிய கம்பியைப் போட்டாலும், சுற்றைக் குறைத்தாலும் வெளியே தெரியாது. மோட்டார் ஓடும், ஆனால் சூடேறி ஓடும். இன்சுலேஷன் தாங்கும் சூட்டுக்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரி சென்டிகிரேட் கூடும்போதும் அதன் ஆயுள் ஏறக்குறையப் பாதியாகும் என்பது மின்பொறியாளர்களின் கணக்கு. செம்புக்குப் பதில் அலுமினியக் கம்பி போட்டால் நிலைமை இன்னும் மோசம். அலுமினியம் மின்சாரத்தைக் கடத்தும் திறன் செம்பைப் போல சுமார் 60 சதவீதம்தான். அதே பள்ளத்துக்குள் அதற்கேற்ற தடிமனான கம்பியை நுழைக்கவும் இடமிராது.

சப்மெர்சிபிள் மோட்டாரின் காயில் ஒயருக்கு ஐ.எஸ். 8783 என்ற இந்தியத் தர நிர்ணயம் இருக்கிறது. அந்த எண்ணைச் சொல்லிக் கேளுங்கள். பழைய கம்பியின் கேஜையும் சுற்று எண்ணிக்கையையும் குறித்துத் தரச் சொல்லுங்கள். பழைய செம்பை உங்கள் எதிரில் எடை போட்டு, அதன் விலையைக் கழித்துக்கொள்ளச் சொல்லுங்கள். புதிய கம்பியின் எடையும் பில்லில் வரட்டும். நேர்மையான காயில் கடைக்காரர் இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார்.

மோனோபிளாக் மோட்டாரில் பழைய காயிலை நெருப்பு வைத்து எரித்து எடுக்கும் வழக்கம் சில இடங்களில் உண்டு. அதிகச் சூட்டில் ஸ்டாம்பிங் தகடுகளுக்கு இடையே உள்ள பூச்சு கெட்டு, அதன் பிறகு மோட்டார் எப்போதும் சூடாகவே ஓடும். ஒரே மோட்டாருக்கு மூன்றாம் முறை காயில் கட்ட நேர்ந்தால், கட்டும் முன் வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்துக்குப் போய், புது மோட்டாருக்கு மானியம் கிடைக்குமா என்று விசாரித்து விடுங்கள்.

பில் வராத நஷ்டம்

இம்பெல்லர் விஷயத்தில் இன்னொரு சூட்சுமம் உண்டு. அளவு சிறிது மாறினாலும் மோட்டார் ஓடத்தான் செய்யும். ஆனால் இம்பெல்லரின் விட்டம் 5 சதவீதம் குறைந்தால் தண்ணீரை மேலே தூக்கும் உயரம் சுமார் 10 சதவீதம் குறையும். விட்டம் 5 சதவீதம் கூடினால் மோட்டாரின் மேல் விழும் சுமை சுமார் 15 சதவீதம் கூடும். முதலாவதில் தண்ணீர் குறையும், இரண்டாவதில் காயில் எரியும். ஆகவே இம்பெல்லரை அந்த மாடலுக்கு உரியதாகவே வாங்க வேண்டும்.

சிறு விவசாயிகளுக்கு 1984-லும் எல்லா விவசாயிகளுக்கும் 1990-லும் தமிழ்நாட்டில் இலவச மின்சாரம் வந்தது. அது சும்மா வரவில்லை. மின் கட்டண உயர்வை எதிர்த்து நம் விவசாயிகள் போராடியபோது, 1970 ஜூன் 19-ல் பெருமாநல்லூரில் துப்பாக்கிச் சூட்டில் மூன்று பேர் உயிர் நீத்தார்கள். 1972-ல் நாராயணசாமி நாயுடு தலைமையில் மாட்டு வண்டிகள் கோவையை நிறைத்தன. அவ்வளவு விலை கொடுத்துப் பெற்ற மின்சாரத்தைத் தரமற்ற பாகத்தின் வழியாகச் சூடாக வீணாக்குவது நியாயமா?

பில் வராததால் இந்த நஷ்டம் நம் கண்ணுக்குத் தெரிவதில்லை. ஆனால் மும்முனை மின்சாரம் வரும் மணிகள் குறிப்பிட்ட அளவுதான். அந்த நேரத்தில் எவ்வளவு தண்ணீர் வருகிறது என்பதே நம் வருமானம். இதற்கு எளிய சோதனை உண்டு. மோட்டார் நன்றாக ஓடும்போது 200 லிட்டர் டிரம் ஒன்று எத்தனை வினாடியில் நிறைகிறது என்று பாருங்கள். 50 வினாடி என்றால் வினாடிக்கு 4 லிட்டர். அதையும் ஆம்பியர் மீட்டர் காட்டும் அளவையும் ஸ்டார்ட்டர் பலகையில் எழுதி வையுங்கள். ரிப்பேர் முடிந்ததும் மெக்கானிக் இருக்கும்போதே மறுபடி அளந்து பாருங்கள். கிணற்று நீர்மட்டம் ஏறக்குறைய அதே அளவில் இருக்கும்போது தண்ணீர் குறைந்தாலோ ஆம்பியர் கூடினாலோ, போட்ட சாமானில் அல்லது செய்த வேலையில் கோளாறு என்று அர்த்தம்.

மிச்சம் பிடிக்கக் கூடிய இடங்கள்

தும்பிகள் எவை என்றும் சொல்ல வேண்டும். கிணற்று மேட்டில் உள்ள மோனோபிளாக்கின் கிளாண்டு கயிறு, வாஷர், கேஸ்கட், ஃபேன் மூடி, போல்ட் நட்டு, பைப் இணைப்புகள், ஸ்டார்ட்டர் பெட்டியின் மேல்தகடு முதலானவை கெட்டால், கண்ணுக்குத் தெரியும்படி கெடும். கைக்கெட்டும் இடத்தில் இருப்பதால் மாற்றுவதும் சுலபம். இவற்றுக்கு நல்ல லோக்கல் சாமான் தாராளமாகப் போதும். ஃபுட் வால்வும் அப்படியே. ஆனால் நீர்வழி அகலமாக உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். வழி குறுகினால் மோட்டார் வீணாக இழுக்க வேண்டியிருக்கும்.

ஸ்டார்ட்டருக்குள் இருப்பவை மட்டும் இந்தப் பட்டியலில் சேராது. ரிலே, காண்டாக்ட், கெப்பாசிட்டர், ஃபியூஸ் ஆகியவை மோட்டாரையும் ஆளையும் காப்பவை. கெப்பாசிட்டரின் மைக்ரோஃபாரட் அளவும் வோல்ட் அளவும் பழையதில் உள்ளபடி இருக்க வேண்டும். ஃபியூஸ் போன இடத்தில் கையில் கிடைத்த செம்புக் கம்பியைச் சுற்றி வைப்பது உயிருக்கே உலை வைக்கும் காரியம். ஈரக் கையோடு சுவிட்ச் போடுகிற நம் தோட்டங்களில் எர்த்தும் ஐ.எஸ்.ஐ. கேபிளும் உயிர் காக்கும் வடம்.

வண்டிக்கும் இதே கணக்கு

டி.வி.எஸ். 50 மொபெட் 1980-ல் வந்தது முதல், பால் கேனும் தீவனமும் உரமூட்டையும் மொபெட்டில்தான் போகின்றன. மோட்டார் பைக் வைத்திருப்பவர்களும் இப்போது அதிகம். அங்கும் இதே கேள்விதான். பிரேக் ஷூ, பிரேக் ஒயர், டயர் ஆகியவை வடம். இரண்டு பால் கேன் பாரத்தோடு இறக்கத்தில் பிரேக் பிடிக்காவிட்டால் என்ன ஆகும் என்று விளக்கத் தேவையில்லை. செயினையும் இரண்டு ஸ்ப்ராக்கெட்டையும் ஒன்றாகச் சேர்த்தே மாற்ற வேண்டும். தேய்ந்த பல் புதுச் செயினைச் சீக்கிரம் தின்றுவிடும். சீட் கவர், மட்கார்டு, கண்ணாடி, கேரியர் இவற்றுக்கு லோக்கல் சாமானே போதும்.

கம்பெனிகளின் கடமை

மெக்கானிக்கை மட்டும் குறை சொல்வது நியாயமாகாது. நாம் பேரம் பேசிக் கூலியைக் குறைத்தால், அவர் சாமானில்தான் அதைச் சரிக்கட்டுவார். நியாயமான கூலியைக் கொடுத்து, கழற்றிய பழைய பாகத்தைக் கையில் வாங்கிக்கொள்வதே நல்ல வழக்கம்.

கம்பெனிகளும் யோசிக்க வேண்டும். பழைய மாடலுக்குச் சாமான் இல்லை, நாலு நாள் ஆகும் என்று டீலர் சொன்னால், பயிரை வைத்திருப்பவர் கிடைத்ததை வாங்கத்தான் செய்வார். போலிக்குச் சந்தை உண்டாவது அங்கேதான். கோவையில் செய்கிற பம்ப்செட்டுக்கு அன்னூரிலும் காங்கேயத்திலும் சாமான் கிடைக்காமல் இருப்பது முறையல்ல. ஒரு மாடலை விற்பதை நிறுத்திய பிறகும் குறைந்தது 10 ஆண்டுகளுக்கு அதன் உதிரி பாகங்களைத் தாலுகா ஊர்களில் அச்சிட்ட விலைக்கு விற்க வேண்டும்.

இது பேராசையான கோரிக்கை அல்ல. சாமானும் ரிப்பேர் விவரமும் எல்லோருக்கும் கிடைக்க வேண்டும் என்ற குரல் உலகெங்கும் எழுந்திருக்கிறது. அமெரிக்காவில் டிராக்டர் முதலிய பண்ணை இயந்திரங்களைத் தாங்களே ரிப்பேர் செய்யும் உரிமைக்காக விவசாயிகள் போராடினார்கள். கொலராடோ மாநிலம் 2023-ல் அதற்குச் சட்டமே கொண்டு வந்தது. நம் மத்திய அரசின் நுகர்வோர் விவகாரத் துறையும் 2022 ஜூலையில் இதற்காக ஒரு குழு அமைத்து, அதன் கவனத்துக்குரிய துறைகளில் விவசாயக் கருவிகளையும் சேர்த்தது. நம் விவசாயச் சங்கங்கள் இந்தக் கோரிக்கையை விடாமல் எழுப்ப வேண்டும்.

அதுவரை நாமே செய்துகொள்ளக் கூடிய காரியம் ஒன்று உண்டு. பக்கத்துப் பக்கத்துத் தோட்டத்தில் ஒரே மாடல் மோட்டார் வைத்திருக்கும் நாலைந்து பேர் சேர்ந்து, ஒரு செட் திரஸ்ட் பேரிங், புஷ், பேரிங், சீல், கெப்பாசிட்டர் ஆகியவற்றை வாங்கிப் பொதுவில் வைத்துக்கொள்ளலாம். உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்கள் உரமும் விதையும் விற்பது போல அசல் உதிரி பாகங்களையும் இருப்பு வைக்கலாம். அவசரம் இல்லாதபோது வாங்குகிறவரை ஏமாற்றுவது கடினம்.

வாங்கும்போது இவற்றை மறக்காதீர்கள்: பழைய பாகத்தைக் கையோடு கொண்டு போங்கள். மாடல் எண்ணோடு பில் வாங்குங்கள். ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ள பொருளில் சி.எம்./எல். என்று தொடங்கும் உரிம எண் இருக்கிறதா என்று பாருங்கள். அந்த எண் உண்மையா என்பதை பி.ஐ.எஸ். கேர் செயலியில் சரிபார்க்கலாம். வாரண்டி காலத்தில் மோட்டாரை வெளியாளை வைத்துப் பிரிக்காதீர்கள். போலி விற்றிருந்தால் பில்லோடு மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் புகார் சொல்லலாம்.

அடுத்த முறை மெக்கானிக் "கம்பெனியா, லோக்கலா?" என்று கேட்டால் உடனே விலை கேட்காதீர்கள். "இது கெட்டா வேற எதெல்லாம் போகுமுங்க?" என்று கேளுங்கள். அவர் சொல்லும் பதிலிலேயே எதை வாங்குவது என்பது தெரிந்துவிடும்.